லேஸ் கட்டுகிற சாக்கில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகம்தானா? குட்டிக்கு இருமல் நின்றதா?

வேலையில் சேர்ந்துவிட்டேன். பல்செட் செய்கிற பட்டறை. மாடியில் ஒரே நீள அறை, எட்டு மேசை. பல் டாக்டர்களிடமிருந்து வாய் அச்சு வரும். பக்கத்து மேசைக்காரர் அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறு மாதிரி எடுத்துத் தருவார். அவரை எல்லோரும் பிளாஸ்டர் அண்ணன் என்கிறார்கள். நான் அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை ஒவ்வொன்றாக நட வேண்டும். பற்கள் சின்னச் சின்னப் பெட்டிகளில் வருகின்றன. யார் யாருடைய சிரிப்போ நாள் முழுக்க என் கையில் இருக்கிறது. சிரிப்பே இல்லாத வாய் இங்கே ஒன்றுதான், அது சூப்பர்வைசருடையது.

ஒரு வேண்டுகோள். கோபப்படாமல் படி. இனிமேல் கடிதத்தின் தலையில் ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ எழுதாதே. உறையின்மேல் வசனமும் வேண்டாம். இங்கே தபால் வந்தால் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தால் வசனம்தான் சொல்வாராம். போகும்போது பட்டறைச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதனால் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் கேட்டார்: “நீயும் அந்த ஜெபக்கார கும்பலா?” நான் சொன்னேன்: “எனக்குப் பல்லு மட்டும்தான் சார் தெரியும்.”

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி

ஜனவரி 23

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். குட்டிக்கு இருமல் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். நீ கேட்டபடியே. போதுமா?

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ‘எனக்குப் பல்லு மட்டும்தான் தெரியும்’ என்று சொன்னாயே, கர்த்தரைத் தெரியாது என்று சொன்ன சீடனுக்குக் கூவியதுபோல அன்றைக்கு அக்கம்பக்கத்தில் சேவல் ஏதாவது கூவியதா? மாடியில் வேலை என்பதால் கேட்டிருக்காது. நீ சொல்வதை அப்படியே நம்ப நான் பால்குடி இல்லை. வேறு என்ன நடக்கிறது அங்கே? ஏதாவது பெண்ணா? புதுச் சிநேகிதர்களா? ஆலயத்துக்குப் போகிறாயா? சாப்பிடும் முன் ஜெபிக்கிறாயா, இல்லை அதற்கும் ஒரு காலி இடம் விட்டுவிட்டாயா?

என்னைப் பார். உன் அத்தான் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அவர் வீட்டிலும் நம் சபைக்காரர் யாருமே இல்லை. ஆனாலும் நான் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதற்கு அவர் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. உடனே பதில் எழுது. வழக்கம்போல நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தின் விலாசத்துக்கே எழுது.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். உன் கடிதம் சுடச்சுடக் கிடைத்தது. கை இன்னும் எரிகிறது.

பெண்ணும் இல்லை, பெரிய சிநேகிதமும் இல்லை. ஆலயத்துக்குப் போகிறேன், இரண்டு பேருந்து மாறி, பட்டறைக்காரர் யாரும் இல்லாத பக்கமாக. சாப்பிடும் முன் ஜெபிக்கவும் செய்கிறேன். எப்படி என்று கேள். டப்பாவைத் திறந்து வைப்பேன். பிறகு ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் மேசைக்குக் கீழே குனிவேன். அங்கே கண்ணை மூடி நாலு வார்த்தை. நிமிர்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எப்படி என் மூளை?

கீழே தரையைத் துடைக்கிற ஆயாம்மா மட்டும் சில நேரம் பக்கத்தில் இருப்பார். அவர் யாரிடமும் அதிகம் பேசுகிறவர் அல்ல.

இங்கே இப்போது வேறு ஒரு கலவரம். பல் பெட்டிகள் காணாமல் போகின்றன. இதுவரை மூன்று. வெளியே ரகசியமாகப் பல்செட் செய்து கொடுக்கிறவன் எவனோ எடுக்கிறான் என்று சூப்பர்வைசர் நினைக்கிறார். எல்லோரும் எல்லோருடைய பையையும் பார்க்கிறோம்.

அதிருக்கட்டும். நானும் ஒன்று கேட்கட்டுமா? வீடு இருக்கும்போது கடிதம் எதற்கு ரத்தம் எடுக்கிற இடத்துக்கு வர வேண்டும்?

உன் தம்பி

மார்ச் 3

தம்பிக்கு, சுகம். குட்டி நடனமாடி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அத்தான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துப் பார்த்து வெயிலில் கறுத்துவிட்டார்.

வீட்டில் தபால் பெட்டியின் மூடி உடைந்திருக்கிறது. மழை வந்தால் நனையும். அதனால்தான்.

உன் மூளையைப் பற்றிக் கேட்டாயே. படித்ததும் சிரித்துவிட்டேன். ஊசி குத்திக்கொள்ள வந்த ஒருவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல மேசைக்கு அடியில் போகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடுமா? ஒருநாள் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் ஜெபிக்கிறாய் என்று நினைக்கமாட்டார்கள், அதை நினைவில் வை.

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு, உடம்பு சுகம். மனசு சுகமில்லை. உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், நீ சொன்னபடியே நடந்தது.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாவது பெட்டியும் காணோம் என்று தெரிந்தது. பிளாஸ்டர் அண்ணன் எழுந்து, “சார், நான் யார் மேலயும் பழி போடல. ஆனா இந்தத் தம்பி தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு ஷூவுக்குள்ள என்னமோ பண்ணுது” என்றார். எட்டு மேசையும் என் காலைப் பார்த்தது.

“கழட்டு” என்றார் சூப்பர்வைசர். கழற்றினேன். ஷூவுக்குள் ஒன்றும் இல்லை. காலுறையில் ஓட்டை இருந்தது, அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

“அப்ப எதுக்குக் குனியறே?”

“லேஸ் அவுந்துரும் சார்.”

அவர் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். இரட்டை முடிச்சு, பிரிக்கவே முடியாதபடி இறுகிக் கிடந்தது. “இது அவுந்து ஆறு மாசம் இருக்கும்” என்றார். நான் உடனே காலில் அரிப்பு என்றேன். பிறகு முதுகு வலி என்றேன். அக்கா, மூன்று பொய், ஒரு நிமிடத்துக்குள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் முன்னே இருந்தவரின் தம்பி என்று என்னையும் சேர்த்துவிடுவார்களே என்று விழுங்கிவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்கிறது. என்னிடம் ஒன்றும் அகப்படாததால் சூப்பர்வைசர் ஒரு கணக்குப் போட்டார். இவன் கீழே போடுகிறான், துடைக்க வருகிறவள் எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்குக் கைவேலை நன்றாக வருகிறது, என்னை விட அவருக்கு மனமில்லை. ஆயாம்மாவை மட்டும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

என்ன செய்யட்டும், எழுது.

தம்பி

ஏப்ரல் 1

தம்பிக்கு, எங்கள் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன்.

போய்ச் சொல். என்ன செய்யட்டும் என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதி, அது வந்து, நான் பதில் எழுதி, அது போய்ச் சேரும்வரை அந்த அம்மா வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று யோசித்தாயா? நீ பெட்டியைத் திருடவில்லை. ஆனால் அவருடைய வேலையை எடுத்தது நீதான்.

மூன்றே வார்த்தை. ‘நான் ஜெபம் பண்ணினேன்.’ இதைச் சொல்லப் பேச்சாளனாக வேண்டாம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும், பல் செய்கிற இடம்தானே. வேலை போனால் போகட்டும், இங்கே வா, நான் சோறு போடுகிறேன். கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்ல வெட்கப்படுகிறவனுக்கு நான் அக்கா என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு, சுகம் கேட்கவில்லை. நேற்று அத்தானே சொல்லிவிட்டார்.

பட்டறைக்குப் போன் வந்தது. போன் சூப்பர்வைசர் மேசையில்தான் இருக்கிறது. அவர் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

“மச்சான், உங்க அக்கா ஞாயித்துக்கிழமை டூட்டின்னு போறாளே, எந்த டூட்டி? போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அவ வேலை பாக்கற இடம் பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன் ஞாயித்துக்கிழமை என்னைக்குமே திறக்கறதில்லங்கறான். நாலு வருஷமா போயிட்டு இருக்கா. நல்ல புடவையா பாத்துக் கட்டிட்டுப் போறா. எங்க போறா, யாரப் பாக்கறா, உனக்குத் தெரிஞ்சா சொல்லு. நான் சத்தம் போடமாட்டேன்.”

ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். மறுப்புச் சொல்ல அவருக்குத் தெரிந்தால்தானே? தபால் பெட்டி மூடி உடைந்ததும் எனக்கு இப்போது விளங்கிவிட்டது. கல்யாணத்தின்போது உன் மாமியாரிடம் ‘ஆலயம் போறதையெல்லாம் விட்டுட்டேன்’ என்று சொன்னாயே, பிறகு அத்தானிடம் மெதுவாக உண்மையைச் சொல்லிவிட்டதாக அம்மாவுக்கு எழுதினாய். அம்மா அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினார். ஊருக்குத்தான் உபதேசமா, அக்கா? நான் செய்யாத திருட்டுக்குத் திருடன் என்று பெயர் வாங்கினேன். உனக்கு உன் வீட்டில் என்ன பெயர் வந்துகொண்டிருக்கிறது என்று தெரியுமா?

அத்தானுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நீ கேட்பாய். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியாது அத்தான்” என்றேன்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். உன்னைத் திட்டிவிட்டு இதை மறைத்தால் நன்றாக இராது.

தம்பி

மே 8

தம்பிக்கு, நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் அதிகம். அத்தானுக்கு வேலை அதிகம், வீட்டில் பேச நேரமில்லை. குட்டி உன்னைக் கேட்டாள். மற்றவை பிறகு.

அந்த ஆயாம்மா விஷயம் என்ன ஆயிற்று?

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். நிஜமாகவே சுகம். நீ சுகமில்லை என்று போன கடிதத்தின் நாலு வரியிலேயே தெரிந்தது. நான் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். எழுதியது பொய் இல்லை, எழுதின விதம்தான் தப்பு.

உன் கடிதம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து நேராக ஆயாம்மா வீட்டைத் தேடிப் போனேன். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. தரையில் உட்கார்ந்து காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, நான் லேஸ் கட்டவில்லை, ஜெபம் பண்ணினேன் என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது எனக்குத் தெரியுமேப்பா. உன் முடிச்சு ஒருநாளும் அவுந்ததில்ல. கீழ துடைக்கும்போது காதுல விழும். ‘காப்பாத்தும், காப்பாத்தும்’னு யாரையோ கெஞ்சிக்கிட்டு இருப்ப.”

“அப்புறம் ஏம்மா அன்னைக்குச் சொல்லல? சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதே.”

“நீயே ஒளிச்சு வெச்ச விஷயம். அத நான் எடுத்து நடு மேசையில வைக்கறதா? கூட்டறவளுக்குக் கீழ கெடக்கறது எல்லாம் தெரியும். எல்லாத்தையும் எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்தா முடியுமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. என் ரகசியத்தைக் காப்பாற்றத் தன் வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதமாகப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறார். நானோ ஒவ்வொரு நாளும் மேசைக்கு மேலே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். “நீ பேசற அவர்கிட்ட என் வேலையப் பத்தி ஏதாச்சும் சொன்னியா?” இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மட்டுமே ஜெபித்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “யாரு அவரு, சொல்லேன்” என்றார்.

சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒருவரிடம் சொன்னேன். முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. சாவை முதலில் சொல்லிப் பிறப்பைப் பிறகு சொன்னேன். தச்சுவேலை செய்தவர் என்று சொன்னபோது மட்டும் அவர் கை நின்றது. “அப்ப தரையில விழுற தூசி அவருக்கும் தெரியும்” என்றார். நான் கிளம்பும்போது, “இனிமே கொஞ்சம் சத்தமா பேசு. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு” என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் குனியவில்லை. மேசையிலேயே கைகூப்பிக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது பிளாஸ்டர் அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். சூப்பர்வைசர் எதிரில் நின்றார்.

“என்ன பண்றே?”

“ஜெபம் பண்றேன் சார். இதைத்தான் இத்தனை மாசமும் கீழ குனிஞ்சு பண்ணினேன். ஆயாம்மாவுக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்ல. எனக்குச் சொல்லப் பயம், அவங்க வேலை போச்சு.”

“அரிப்புன்னே, முதுகு வலின்னே. இப்ப ஜெபம்ங்கறே. இதை எப்படி நம்பறது? இந்த நாற்காலிக்காரங்க எல்லாருமே நல்லா நடிக்கறீங்க.”

“நம்பாதீங்க சார். என்னை உங்க மேசைக்குப் பக்கத்துலயே உட்கார வைங்க. ஆயாம்மாவைக் கூப்பிடுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து நானும் வரல.”

இத்தனை நீளமாக நான் அங்கே பேசியதே இல்லை. அவர் என் நாற்காலியை இழுத்துத் தன் மூக்குக்கு நேரே போட்டுக்கொண்டார். ஆயாம்மாவைக் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கெடு கேட்டார், சரி என்றேன். நாலாம் நாள் ஆறாவது பெட்டி காணாமல் போனது. அப்போது நான் அவர் கண்ணுக்கு எதிரில் யாருக்கோ முன்பல் நட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை அவரே ஆள் அனுப்பினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆயாம்மா வந்து கவிழ்த்த வாளியை நிமிர்த்தினார், அவ்வளவுதான்.

எடுப்பது யார் என்று இன்னும் தெரியாது. எல்லோரும் எல்லோரையும் இன்னும் பார்க்கிறோம். நான் ஜெபிக்க ஆரம்பித்தால், முடிக்கும் முன்பே பிளாஸ்டர் அண்ணன் “ஆமென்” என்று கத்துகிறார். அறையே சிரிக்கிறது. ஒவ்வொரு நாளும் காது சூடாகிறது. பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. மெருகேற்றுகிற மேசைக்காரர் ஒருவர் மட்டும் மாடிப்படியில் என்னை நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல ஆபரேஷன். நீ பேசும்போது அதையும் சொல்லிடு” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தானுக்கு நானாகப் போன் செய்து எதையும் சொல்லமாட்டேன். நான் சொன்னால் அது கோள் மூட்டுவதாகிவிடும். உன் வாயால் சொல், அக்கா.

உன் தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். குட்டிக்கு இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது, இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி உட்காருகிறாள்.

சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் கழித்து, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. உன்னைத் திட்டிய வாய்தான் இது. “ஞாயித்துக்கிழமை நான் ஆலயத்துக்குப் போறேங்க. கல்யாணத்துக்கு முன்னாடியும் போனேன், பின்னாடியும் நிறுத்தல” என்றேன். சட்டைக் காலர் தீய்ந்துபோயிற்று.

அவர் கோபப்படுவார் என்றுதான் நாலு வருஷம் பயந்தேன். அவர் கோபப்படவில்லை. நம்பவில்லை. “கோயிலுக்குப் போறதுக்கா நாலு வருஷம் பொய் சொன்னே? அதுக்கு யாராவது பொய் சொல்லுவாங்களா? வேற என்னமோ இருக்கு” என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு? அவரிடம் ஒருநாள் தைரியமாகக் கேட்டிருந்தால் போய்வா என்றுகூடச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்து நினைத்து அழுகிறேன்.

மாமியார் இப்போது என் கையால் எதுவும் சாப்பிடுவதில்லை. தனியாகப் பொங்கிக்கொள்கிறார். அத்தானுக்கு வேலை அதிகம் என்று உனக்கு எழுதினேனே, அதுவும் பொய். அவர் என்னோடு பேசாமல் இருந்தார். இன்னும் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. நான் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். மீட்டர்காரர் இல்லையா, காதால் கேட்பதை நம்பமாட்டார், கண்ணால் முள்ளைப் பார்க்க வேண்டும். ஆலயத்துக்கு எதிரே கடை ஓரத்தில் ஆராதனை முடியும்வரை நின்றார். வீட்டுக்கு வந்ததும், “உள்ள என்ன பேசினாங்க, சொல்லு” என்று குறுக்கு விசாரணை செய்தார். பிரசங்கம் முழுவதையும் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் வாசல் கதவு ஓரம் வரை வந்தார். அதற்கு அடுத்த வாரம் உள்ளேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “வெளிய நின்னா பின்வாசல் தெரியல” என்றார். நேற்றும் வந்தார். பின்வாசலைப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், “அந்த ஆளு பேசினதுல ரெண்டாவது பாதி பரவாயில்ல” என்றார்.

இப்போதும் என்னை முழுசாக நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரும் ஞாயிறும் வருவேன் என்கிறார், சந்தேகம் இன்னும் தீரவில்லையாம். நீ இப்போது சத்தமாக ஜெபிக்கிறவன் அல்லவா, உன் அத்தானுக்காகச் சத்தமாகவே ஜெபி. அந்தச் சந்தேகம் அவருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கேட்டுக்கொள்.

அன்புடன்
அக்கா